பரணில் கிடக்கும் ஈஸிசேருக்குப் பாரிஸில் சொந்தக்காரர்கள் உண்டு, தெரியுமா?

2009 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்தில் ஒரு நாற்காலி ஏலத்துக்கு வந்தது. ரத்தினம் இழைத்த சிம்மாசனம் இல்லை. எய்லீன் கிரே என்ற ஐரிஷ் பெண்மணி முதல் உலகப் போர்க் காலத்தில் செய்த, தோல் மெத்தை போட்ட, அரக்குப் பூச்சுக் கைகளில் டிராகன் சுருண்டிருக்கும் ஒற்றை ஆள் நாற்காலி. கிறிஸ்டீஸ் கம்பெனிக்காரர்கள் சுத்தியலைத் தட்டி, கமிஷனையும் கூட்டிச் சொன்ன விலை என்ன தெரியுமா? 2 கோடியே 19 லட்சம் யூரோ! நம் பணத்தில் அன்றைக்கே நூறு கோடி ரூபாயைத் தாண்டிய தொகை. உட்கார்ந்து பார்க்க மனசு வருமா சொல்லுங்கள்?

அதே அம்மாள் செய்த இன்னொரு நாற்காலி இந்தூர் மகாராஜா வீட்டில் இருந்தது, தெரியுமா? எக்கார்ட் முத்தேசியஸ் என்ற ஜெர்மன்காரரை வைத்து, 1930-களின் தொடக்கத்தில் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் கட்டிய மாணிக் பாக் அரண்மனையில் ஐரோப்பாவின் அன்றைய புத்தம்புது நாற்காலிகள் வரிசையாக வந்து இறங்கின. அதில் ஒன்று கிரே அம்மாளின் ‘டிரான்சாட்’. கப்பலின் மேல்தளத்தில் கனவான்கள் கால் நீட்டிச் சாய்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துச் செய்தது. அந்தச் சாமான்களில் பெரும்பகுதி 1980-ல் மோனாக்கோவில் ஏலம் போய்விட்டது.

கப்பல் தளம் என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ‘ரஜூலா’ கப்பலில் ஆயிரக்கணக்கில் தளப் பயணிகள் போனார்கள். அவர்களுக்குச் சாய்வதற்கு எய்லீன் கிரே நாற்காலி கிடைக்கவில்லை; பாயும் டிரங்குப் பெட்டியும்தான். ஆனால் அப்படிக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவர்கள் ஊருக்குத் திரும்பி வீடு கட்டியபோது முகப்பில் என்ன வாங்கிப் போட்டார்கள் என்பதில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது.

அரிமளத்துக்கு வாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்துப் பேரூராட்சி. 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊர். நகரத்தார் ஊர்களில் ஒன்று. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் பூட்டுத் திறக்கும். பரணில் ஏறினால் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, ரவிவர்மா படச் சட்டம், கடைசியில் சுவரோரமாக மடக்கிச் சாத்திய ஒரு ஈஸிசேர். துணி கிழிந்திருக்கும், இல்லை பிரம்பு தொங்கும். “அதை யாரு தூக்கி வச்சா, இறக்கிக் கடையில போட்டுருங்க” என்பார் ஒருவர். நிறுத்துங்கள்! அந்த ஈஸிசேருக்கு உலகமெல்லாம் ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிறது.

ரூர்க்கியில் பிறந்து பாரிஸுக்குப் போனது

இந்த உறவுமுறையைக் கேட்டால் வாயடைத்துப் போவீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கூடாரத்தில் போட ஒரு நாற்காலி தேவைப்பட்டது. கழுதை முதுகில் ஏற்றலாம், நிமிஷத்தில் பிரிக்கலாம், மேடு பள்ளத் தரையில் ஆடவும் கூடாது. ராணுவப் பொறியாளர்களின் தலைமையிடமான ரூர்க்கியின் பேரிலேயே அதற்கு ‘ரூர்க்கி நாற்காலி’ என்று பெயர் ஆயிற்று. நாலு கடைசல் கால்கள், நாலைந்து சட்டங்கள், கைக்குப் பதில் இரண்டு தோல் வார், உட்கார ஒரு கான்வாஸ் துணி. அவ்வளவுதான்! பசை இல்லை. கழுந்தைத் துளையில் செருகி, ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரமே பொருத்தை இறுக்கிப் பிடிக்கும். எழுந்தால் தளரும். ஒரு கால் பள்ளத்தில் இறங்கினால் பொருத்துகளே இடம் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். முதுகுச் சட்டம் இரு பக்கமும் ஒற்றைத் திருகில் தொங்குவதால், நீங்கள் சாய்கிற பக்கம் அதுவும் சாயும்.

இப்போது 1928-க்கு வாருங்கள். பாரிஸில் மூன்று பேர் சேர்ந்து இரும்புக் குழாயில் ஒரு நாற்காலி செய்கிறார்கள். முதுகு தானாக முன்னும் பின்னும் சாயும், கைக்குத் தோல் வார்! ரூர்க்கி நாற்காலி அப்படியே குரோமியம் பூசி நிற்கிறது. செய்தவர்கள் லெ கார்பூசியே, சார்லோத் பெரியாண்ட், பியர் ஜான்னரே. 1933-ல் டென்மார்க்கில் கோரெ கிளிண்ட் என்ற ஆசிரியர் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த அதே ஜாதி நாற்காலியைப் பார்த்துவிட்டு ‘சஃபாரி’ நாற்காலி என்று செய்தார். டேனிஷ் நாற்காலி என்றால் இன்று உலகமே கண்ணில் ஒற்றிக்கொள்கிறதே, அந்தப் பரம்பரைக்குப் பாடம் சொன்ன வாத்தியார் இவர்தான்.

இன்னும் ஒன்று. இரும்புக் கம்பியில் துணியோ தோலோ மாட்டிய ‘பட்டாம்பூச்சி’ நாற்காலி தெரியுமல்லவா? 1938-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் மூன்று கட்டடக் கலைஞர்கள் செய்தது. அதற்கும் மூலம் ராணுவ மடக்கு நாற்காலிதான். 1877-ல் ஜோசப் ஃபென்பி என்ற ஆங்கிலப் பொறியாளர் காப்புரிமை வாங்கிய மரச் சட்டம். ஆக, ‘நவீனம்’ என்று கொண்டாடப்பட்ட சாய்வு நாற்காலிகளில் பாதிக்கு வேர் கூடாரத்திலும் தோட்டத்து பங்களாவிலும் கப்பல் தளத்திலும் இருக்கிறது. நம் வீட்டு ஈஸிசேருக்கும் அதே வேர்தான். என் தீர்ப்பைக் கேட்டால், பாரிஸ் குழாய் நாற்காலியைவிட ரூர்க்கி ஒரு படி மேல். பசையில்லாமல் நிற்கிறது பாருங்கள்!

குப்பைக்குப் போனது கோடிக்குப் போனது

பாரிஸ் மூவரில் ஒருவரான ஜான்னரே 1951-ல் எங்கே வந்து இறங்கினார் தெரியுமா? சண்டிகரில்! ரூர்க்கி இருக்கும் அதே வட இந்தியாவில். அண்ணன் முறையான லெ கார்பூசியே வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். ஜான்னரே அங்கேயே தங்கி 1965 வரை புதுத் தலைநகரைக் கட்டினார். செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் என்று எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி மேஜை வேண்டுமே? உள்ளூர்த் தச்சர்களை வைத்துத் தேக்கிலும் பிரம்பிலும் செய்ய வைத்தார். கவராயத்தை விரித்து நிறுத்தியதுபோல் தலைகீழ் ‘வி’ வடிவக் கால், அதன்மேல் பிரம்புப் பின்னல். ஊர்மிளா யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏலப் புத்தகத்தில் அந்தப் பெயர்கள் சின்ன எழுத்திலாவது வருவது அபூர்வம். இது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

பிறகு பிளாஸ்டிக்கும் ஸ்டீலும் வந்தன. பிரம்பு அறுந்த நாற்காலிகளை அலுவலக மொட்டை மாடியில் குவித்தார்கள், பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போய்ப் பழுது பார்த்து விற்றார்கள். ஒரே ஜோடி நாற்காலி லட்சக்கணக்கில்! ‘எப்படி விட்டார்கள், சட்டம் இல்லையா’ என்பீர்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷம் ஆன பொருளுக்குத்தான் காவல். 1955-ல் செய்த நாற்காலி அந்தக் கணக்கில் குழந்தை. 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு, சண்டிகர் பாரம்பரியச் சாமான்களை விற்கவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது என்று உத்தரவு போட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல், இந்த நாற்காலிகள் இருக்கும் பணக்கார வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுது பார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னாலேயே போய்ச் சண்டிகரில் முடியும் ஒரு படம் எடுத்தார். 2013-ல் வந்த அந்தப் படத்தின் பிரதியையே லண்டன் கிறிஸ்டீஸில் ஏலம் விட்டார். அந்த ஏலத்தையும் படம் பிடித்தார்!

ஜான்னரே 1967-ல் ஜெனிவாவில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு சுந்தரானந்தர்

சண்டிகர் தூரம். பாண்டிச்சேரி பக்கம்தானே! அரிமளத்திலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான ‘கோல்கொண்டே’ நிற்கிறது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நிதியில் கட்டியதால் அந்தப் பெயர். வரைபடம் தந்தவர் தோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட். கட்டும் வேலையைப் பார்க்க 1937-ல் அவர் அனுப்பிய இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா; ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, எம்.ஐ.டி.யில் படித்தவர்.

வேலை பார்க்க வந்தவர் சம்பளம் வேண்டாம் என்று ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. கட்டடத்துக்குத் தேக்கில் நாற்காலியும் கட்டிலும் வடிவமைத்தார். அவருடைய முதல் மரச்சாமான்கள் பிறந்த ஊர் நம்ம பாண்டிச்சேரி என்று சொன்னால் நியூயார்க் வியாபாரிகளே புருவத்தைத் தூக்குவார்கள். 1939-ல் கிளம்பிப் போனார். 1942-ல் ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐடஹோ பாலைவன முகாமில் அடைத்தது. அந்த முகாமில் சந்தித்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம்தான் உளி பிடிக்கும் நுணுக்கத்தைக் கற்றார். மறு வருஷம் அவரை வெளியே எடுத்தவர் பழைய முதலாளி ரேமண்ட். பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, மரத்தின் வெடிப்பையும் ஓரத்து வளைவையும் அப்படியே விட்டு அவர் செய்த மேஜை நாற்காலிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1964-ல் மறுபடி இந்தியா வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வரைந்து கொடுத்தார்.

அந்த நிறுவனம் பிறந்த கதை இன்னொரு தெரியுமா! அமெரிக்காவின் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு வரவழைத்தது. நாடு சுற்றிப் பார்த்து 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் மனம் விட்டுப் புகழ்ந்த பொருள் எது? நம் வீட்டுச் சொம்பு! இடுப்பில் வைத்தால் எப்படி அமர்கிறது, கழுவ எப்படி இருக்கிறது, ஊற்றும்போது எப்படி விழுகிறது என்று அலசியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை ஒட்டி 1961-ல் நிறுவனம் வந்தது. அறிக்கைக்கு இரண்டு வருஷம் முன்னால், 1956-ல், அதே தம்பதி வெளியிட்டதுதான் உலகத்தின் மிகப் பிரபலமான சாய்வு நாற்காலி: வளைத்த ப்ளைவுட் ஓடு மூன்று, கறுப்புத் தோல் மெத்தை, கால் வைக்கத் தனி முக்காலி.

சினிமாவிலும் விளம்பரத்திலும் பெரிய மனிதர் என்று காட்ட வேண்டுமானால் இதைத்தான் போடுவார்கள். போலிகளும் கணக்கில்லை. கண்டுபிடிக்கச் சுலபமான வழி கீழே பார்ப்பது. அசல் நாற்காலியின் அடியில் ஐந்து விரல் கால், கால் வைக்கும் முக்காலிக்கு நாலு விரல். இரண்டுக்கும் நாலே விரல் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கைப்பிடியைத் திருகிச் சாய்மானத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தாலும் போலிதான். அசலில் சாய்மானம் செய்தபோதே முடிவானது. ப்ளைவுட் ஓரத்தை எண்ணுங்கள்: ஐந்து அடுக்கு என்றால் பழைய காலத்தது, ஏழு என்றால் பிந்தியது. ஆரம்ப காலத்து ஓடுகளுக்கு மேலே ஒட்டியது பிரேசில் ஈட்டி மரம். 1992-ல் அந்த மரத்தின் சர்வதேச வியாபாரத்துக்கே தடை வந்துவிட்டதால், பழைய ஈட்டி ஓட்டுக்குத் தனி மவுசு. நம் ஊர் ஈட்டிக்கும் தமிழ்நாடு அரசு 1994-ல் சட்டம் போட்டது. அந்தச் சட்டப்படி பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாமல் இருந்தது.

டேனிஷ்காரர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1960-ல் கென்னடியும் நிக்சனும் டி.வி.யில் மோதினார்களே, மேடையில் அவர்கள் உட்கார்ந்தது ஹான்ஸ் வெக்னரின் 1949-ஆம் வருஷத்து நாற்காலி. அதே வெக்னரின் ‘ஒய்’ முதுகு நாற்காலியில் உட்காரும் இடத்தைப் பின்ன 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும்; காகிதம்தான், அறுபது எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தும் அறுவதில்லை. ஆர்னே யாகோப்சன் 1958-ல் முட்டை வடிவ நாற்காலியைச் செய்தது கோபன்ஹேகனின் ஒரு ஓட்டலுக்காக. அந்த ஓட்டலின் 606-ஆம் எண் அறையை மட்டும் அன்றிருந்தபடியே இன்னும் வைத்திருக்கிறார்கள்.

புரட்டிப் போடுங்கள், அது பேசும்

சரி, உங்கள் பரணுக்கு வருவோம். நாற்காலியை முன்னால் நின்று பார்ப்பவர் வாங்கிப் போகிறவர். புரட்டிப் போட்டுப் பார்ப்பவர்தான் வியாபாரி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், கை வைத்ததும் முதலில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள்.

முதலில் மரம். பழைய செட்டிநாட்டு ஈஸிசேர் பெரும்பாலும் பர்மா தேக்கு. அந்தத் தேக்கு எப்படி வந்தது தெரியுமா? பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது! அதனால் காட்டில் மரத்தைச் சுற்றிப் பட்டையை ஆழமாக வளையம் போட்டு வெட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று வருஷம் காய விடுவார்கள். பிறகுதான் சாய்ப்பு, யானை இழுத்து, ஐராவதி ஆற்றில் கட்டி மிதக்கவிட்டு ரங்கூனுக்கு. 1942-ல் ஜப்பான் ரங்கூனை நெருங்கியதும் நம்மவர்கள் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். எனவே தடித் தடியாகப் பர்மா தேக்குச் சட்டம் போட்ட நாற்காலி என்றால், போருக்கு முந்தையது என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம்தான், பழைய உத்தரக்கட்டையை அறுத்துப் புது நாற்காலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அரிமளத்தைச் சுற்றி இன்று நிற்பது தைலமரக் காடு. அதை வைத்து எந்த ஆசாரியும் ஈஸிசேர் செய்யமாட்டார்!

தேக்கு என்பதை மூக்கே சொல்லும். அடிப்புறம் யார் கண்ணிலும் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாசனையும் கலந்து ஒரு மணம் வரும். வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் சுரண்டிய இடம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, கடைசல் கால். இதுதான் எனக்கு மிகப் பிடித்த சோதனை. மரம் வருஷக்கணக்கில் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ரேகை ஓடும் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது, குறுக்குவாக்கில் ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு. ஆகவே நூறு வருஷத்துக்கு முன் கடைசல் பட்டறையில் அச்சு வட்டமாக வந்த கால் இன்று துளி நீள்வட்டம்! கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் காலிப்பரை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தால் தெரியும். போன மாதம் கடைந்த கால் சுத்த வட்டமாக நிற்கும். எத்தனை டீத் தண்ணி ஊற்றிப் பழசாக்கினாலும் இந்த இடத்தில் தப்ப முடியாது.

மூன்றாவது, ரம்பத் தடம். அடிச்சட்டத்தில் வளைவளைவாகக் கோடு தெரிந்தால் வட்ட ரம்பம், அதாவது மில்லில் அறுத்தது. நேர்க்கோடாக, ஆனால் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருந்தால் ஆள் ரம்பம் இழுத்தது. பக்கத்திலேயே திருகாணித் தலையைப் பாருங்கள். நட்சத்திரம்போல் குறுக்கு வெட்டு இருந்தால் அந்த ரகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-ல்தான். நம் ஊர்ப் பட்டறைக்கு வர இன்னும் நாளாயிற்று. பழசில் ஒற்றைக் கோட்டுத் தலைதான், அதுவும் குறைவு. பொருத்துகளில் மர ஆணியே அதிகம். ஆணி காலப்போக்கில் ஒரு நூல் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். விரலால் தடவினால் நெருடும்.

பிரம்புக்கு வாருங்கள். சண்டிகர் நாற்காலியானாலும் சரி, நம் வீட்டுக் கட்டிலானாலும் சரி, கையால் பின்னியது என்றால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கும். ஒவ்வொரு நாரும் துளையில் இறங்கி, அடியில் முடிச்சுப் போட்டு, அடுத்த துளையில் ஏறியிருக்கும். அடியில் அந்தப் பின்னல் முழுக்கத் தெரியும். துளையே இல்லாமல், சட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் துணி மாதிரிப் பிரம்புத் தட்டியை அழுத்திப் பசை போட்டிருந்தால் மிஷின் பின்னல். அது போலி என்று அர்த்தமில்லை, பிறகு மாற்றியிருக்கலாம். சட்டத்தில் பழைய துளைகள் அடைத்த தடம் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்றும் பின்ன ஆள் உண்டு. கொள்ளிடம் பக்கம் தைக்கால், பிரம்பு வேலை கொடிகட்டிப் பறந்த ஊர்.

பாலிஷ் சோதனை ஒன்று. பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு, மறைவான இடத்தில் ஒற்றுங்கள். பிசுபிசுவென்று இளகினால் பழைய அரக்குப் பாலிஷ். அசையாமல் கண்ணாடிபோல் நின்றால் இந்தக் காலத்து மெலமைன் சரக்கு.

தேய்மானம் பொய் சொல்லாது. ஈஸிசேரில் சாய்ந்து எழுகிறவர் கையின் நுனியைப் பிடித்துத்தான் எழுவார். அங்கே மழமழவென்று பள்ளம் விழுந்திருக்கும். முன் சட்டத்தில் குதிகால் தேய்ந்த தடம் இருக்கும். வலது கையில் வட்டக் கறை இருந்தால் காபி டம்ளர். இடது கையில் இருந்தால் அநேகமாக வெற்றிலைச் செல்லம்! எங்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் உப்புத்தாள் செய்த உபயம். தோட்டத்து பங்களா ரகமாக இருந்தால் கைக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். இன்னொரு பலகை ஒளிந்திருக்கும். வெளியே திருப்பினால் கை இரண்டு மடங்கு நீளும். கால் இரண்டையும் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளத்தான். மரியாதைக் குறைவான உட்காரல்தான், ஆனால் வெயிலில் சுற்றி வந்த காலுக்கு அதைவிடச் சுகம் வேறென்ன?

எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். சண்டிகர் நாற்காலிகளில் முதுகுக்குப் பின்னால் அலுவலகப் பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். அந்த எழுத்தையே போலியாக எழுதி விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். நம் பக்கத்துச் சாமானில் வீட்டுக்காரர் விலாசம் பொறித்திருக்கலாம், சென்னை மவுண்ட் ரோடு கம்பெனியின் தகடு இருக்கலாம். வளைத்த மரத்தில் செய்த ஒல்லி நாற்காலி கிடைத்தால் உட்காரும் வளையத்தின் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். தோனெட் என்ற பெயர் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். வியன்னாவின் அந்தக் கம்பெனி 1859-ல் கொண்டு வந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு மொத்தம் ஆறே மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. 36 நாற்காலியைக் கழற்றி ஒரே கன மீட்டர் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். இன்று பெட்டியில் வரும் கழற்று மரச்சாமானுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டன்.

ஐம்பது அறுபதுகளின் சாமானை மட்டும் பலர் கண்டுகொள்வதே இல்லை. தேக்கு தடி நாற்காலிக்கு மரியாதை. அதற்குப் பின்னால் வந்த, கூம்பிக் கூம்பிச் சாய்ந்த காலும் மெல்லிய கையும் வைத்த ரேடியோ காலத்து சோபாவை விறகுக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறுபதுகளின் கலர்ப் படங்களில் வரும் பங்களா செட்டுகளைப் பாருங்கள், முழுக்க இந்த ரகம்தான். சண்டிகரும் கோபன்ஹேகனும் நம் ஊர் ஆசாரியின் உளி வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு அவைதான் சாட்சி. இரும்புக் குழாயில் பச்சையும் மஞ்சளுமாக ஒயர் பின்னிய நாற்காலியும் அப்படியே. மெக்சிகோவில் அதன் அக்கா முறை நாற்காலி ஒன்றை அகபுல்கோ என்று பெயர் சொல்லி உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். இங்கே மொட்டை மாடியில் வடகம் காயப்போடுகிறோம்!

உடனே கோடி ரூபாய்க் கனவு காணவேண்டாம். பெயர் தெரிந்த வடிவமைப்பாளர் என்றால்தான் ஏலக்கூடம் வாய் பிளக்கும். நம் ஈஸிசேரைச் செய்த ஆசாரியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சந்தை அதற்குக் கூலி மட்டும் போட்டுத் தரும். பெங்களூரில் ‘ஃபேன்டம் ஹேண்ட்ஸ்’ என்ற பட்டறை சண்டிகர் நாற்காலிகளையே இன்றைய தச்சர்களைக் கொண்டு மறுபடி செய்து விற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தூணும் ஆத்தங்குடிக் கல்லும் படமெடுக்கப்படுகின்றன. முகப்பில் உட்கார்ந்து அந்தத் தூணைப் பார்த்தவர் எதில் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் யாரும் பதிவு செய்யக் காணோம்.

அதனால் அடுத்த படைப்புக்கு வீட்டைத் திறக்கும்போது பங்காளிகளிடம் சொல்லி வையுங்கள். வண்டி வைத்துக்கொண்டு வருகிறவர் “ஆச்சி, பழசுதானே, மொத்தமா ஒரு விலை போட்டுக்கிறேன்” என்றால் தலையாட்டிவிடாதீர்கள். முதலில் கவிழ்த்துப் போட்டு நாலு பக்கமும் படம் எடுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பழஞ்சாமானுக்குப் பாதி மதிப்பு அந்தத் தாள்தான். துணி போனால் துணி மாற்றுங்கள், பிரம்பு போனால் பின்னக் கொடுங்கள். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பாலிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள்.